புகைவீட்டுப் பெரட்டு

ராசா என்ற ஊரில் இருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது குமுதினி பாட்டுக்கூட முணுமுணுத்தாள். வேலை போய் வீட்டோடு கிடந்து, தெரிந்தவர்கள் முகத்தில் விழிக்கவே கூசிய நாள்கள் ஒருவழியாக முடிந்துவிட்டன. இனி அவள் செம்பனை ஆய்வுக்கூடம் ஒன்றின் நிர்வாக மேலாளர். அங்கே இயக்குநர் டாக்டர் ஜெயந்தன், அவளுடைய மூத்த அக்காவின் கணவர். அத்தான் ஒரு வார்த்தை சொன்னார், நாற்காலி கிடைத்தது. அதை அவளும் மறக்கமாட்டாள், மறக்க அவரும் விடமாட்டார்.

மந்தின் கடைத்தெருவைத் தாண்டிக் கார் தோட்டத்துச் சாலைக்குள் திரும்பியதும் வெளிச்சம் மங்கியது. இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளின் மட்டைகள் வானத்தை மூடிக்கொண்டிருந்தன. பழைய ரப்பர்த் தொழிற்சாலையைத்தான் ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். முன்பக்கம் கண்ணாடியும் ஏர்கோனுமாகப் பளபளத்தது. பின்பக்கத்தில் பழைய புகைவீடு மட்டும் அப்படியே நின்றது. சன்னல் இல்லாத கரிபிடித்த சுவர், ஒரே ஒரு இரும்புக் கதவு. அந்தக் காலத்தில் ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டு உலர்த்திய அறை அது. இப்போது விதை மூட்டைகளை உள்ளே அடுக்கி, கதவைச் சாத்தி, பூச்சி சாக விஷவாயு விடுகிறார்கள்.

விஞ்ஞானிகள் ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு வேண்டிய கரண்டும் தண்ணீரும் சாமானும் ஆளும் நேரத்துக்கு வந்து சேர்வதைக் குமுதினி பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. வாயு திறக்கும் நாள்களில் பெரட்டு எடுப்பது.

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அது மாலைக்கு மாறியிருந்தது. புகைவீட்டுக் கதவைச் சாத்தியபிறகு, இயக்குநர் முதல் கூட்டுபவர் வரை எல்லாரும் எதிரே உள்ள கொட்டகையில் கூட வேண்டும். நிர்வாக மேலாளர் பெயர் கூப்பிட, அவரவர் தம் வாயால் பதில் சொல்ல வேண்டும். கடைசி ஆளும் பதில் சொன்ன பிறகே வாயுக் குழாயைத் திறக்கும் சக்கரத்தைத் திருப்பலாம்.

முதல் பெரட்டில் குமுதினி கணீரென்று கூப்பிட்டாள். பதில்கள் மளமளவென்று வந்தன. கடைசிப் பெயரையும் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இருக்கேங்க."

பெண் குரல். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு, இழுத்து இழுத்து வந்த குரல். கொட்டகையில் யாரும் நிற்காத மூலையிலிருந்து வந்தது.

"யாரது? பேர் கூப்பிடாம பதில் சொல்றது?"

எல்லாரும் தரையில் ஏதோ முக்கியமான காரியம் இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். வாயுச் சக்கரத்தின் அருகே நின்ற ஆறுமுகம் மட்டும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ பூண்டு வாடை அடித்தது. அது அந்த வாயுவின் வாடை. ஆனால் சக்கரத்தை அவர் இன்னும் தொடவே இல்லை.

மறுநாள், அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கிளார்க் சுலைஹா கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். மந்தினில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். வாயாடி என்று பெயர் எடுத்தவள், அன்று குரலே எழும்பாமல் பேசினாள்.

"அந்தக் குரலு லோகேஸ்வரியோடது, மேடம். ஆறுமுகம் அண்ணனோட சம்சாரம். நீங்க வர்றதுக்கு முந்தி, மூட்டை அடுக்க உள்ள போனவங்க. கதவு சாத்திட்டாங்க. உள்பக்கத்துக் கொண்டி ரொம்ப நாளா கெட்டுப்போயி கெடந்துச்சு, தொறக்க வராது."

"பெரட்டுல பேர் கூப்பிடலியா?"

"கூப்பிட்டாங்க. பதில் இல்ல. டாக்டருக்கு ஏர்போர்ட் போற அவசரம். 'அவ இருக்கிறா, நான் கண்டனான், திறவும்'னு சொல்லிட்டாரு. பெரியவர் சொன்னா யாரு எதுத்துப் பேசுறது? அண்ணன் வாயுவத் தொறந்துட்டாரு." சுலைஹா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கொஞ்ச நேரத்துல உள்ளுக்குத் தட்டுற சத்தம் கேட்டுச்சு மேடம். 'மூட்டை சரியுது'ன்னாரு டாக்டர். நாங்களும் மூட்டைன்னே வச்சிக்கிட்டோம்."

தன் கையால் சக்கரத்தைத் திருப்பித் தன் மனைவியையே கொன்ற மனுஷன், இன்றைக்கும் அதே சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்!

அந்த வாரமே ஜெயந்தன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். விதை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். நடந்ததற்கு நிர்வாகத்தின் விளக்கம் வேண்டுமாம். அவரே எழுதி வைத்திருந்தார். பெரட்டில் பதில் சொன்ன லோகேஸ்வரி, பிறகு படுத்துத் தூங்குவதற்காகத் தானாக உள்ளே நுழைந்துவிட்டாள். கொண்டியில் எந்தப் பழுதும் இல்லை.

"இது பொய், அத்தான்."

"குமு, செத்தவ திரும்பி வந்து கேக்கப்போறாளோ? இங்க இருக்கிற ஆக்களின்ர வேலையைப் பாரும். உம்மட வேலையையும் சேர்த்துத்தான் சொல்லுறன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். ரொம்ப நேரம் யோசித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் யோசிக்கவில்லை. திரும்பவும் வீட்டோடு கிடப்பதை நினைத்தாள், போட்டாள். பேனாவை மூடியபோது அந்த ஏர்கோன் அறையில் பூண்டு வாடை அடித்தது. ஜெயந்தன் மூக்கைச் சுளித்து, மதியச் சாப்பாட்டைக் குறை சொன்னார்.

கம்பெனி ஆட்கள் வருவதற்கு முந்தின நாள். பகலெல்லாம் வெக்கை அடித்துவிட்டு, மாலையில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே வாயு விட்டாக வேண்டும் என்று ஜெயந்தன் குதித்தார். மூட்டை அடுக்கியவர்கள் ஆறுமுகத்திடம் முணுமுணுத்தார்கள், உள்ளே யாரோ மூச்சு விடுவது கேட்கிறதாம்.

"நான் ஒருக்காப் போய்ப் பாக்கிறன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நீர் போய்ப் பெரட்டை எடும், குமு," என்று ஜெயந்தன் கையில் டார்ச்சோடு பின்பக்கம் நடந்தார்.

கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். எதிரே புகைவீட்டுக் கதவு சாத்தியிருந்தது. யார் சாத்தியது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

குமுதினி கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். காற்று சட்டென்று நின்றது. தகரக் கூரைமேல் ஒரு சொட்டு விழுந்தது.

"டாக்டர் ஜெயந்தன்."

பதில் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய கார் மரத்தடியில் நின்றது. அலுவலகத்தில் விளக்கு எரிந்தது.

"டாக்டர் ஜெயந்தன்!"

"இருக்கேங்க."

அதே குரல். அதே மூலை.

எல்லாருக்கும் கேட்டது. முன்வரிசையில் நின்ற ஒருவனுக்குக் கழுத்து மயிர் சிலிர்த்து நின்றதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். அது அத்தானின் குரல் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பெரட்டை நிறுத்தலாம். நிறுத்திய பிறகு அவர் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தால், இத்தனை பேர் முன்னால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். மழை வேறு வருகிறது. ஆபீசுக்குள்தான் போயிருப்பார், அவள் மனம் அடித்துச் சொன்னது. அப்படிச் சொல்வது சுலபமாக இருந்தது.

"எல்லாரும் இருக்காங்களா மேடம்?" ஆறுமுகம் கேட்டார்.

அவள் தலையசைத்தாள்.

சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பியது.

தட்.

தட். தட்.

இரும்புக் கதவின் உள்பக்கத்திலிருந்து வந்தது. முதலில் மெதுவாக, பிறகு வெறிகொண்டு.

ஆறுமுகம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை.

"மூட்டை சரியுது மேடம்."

குமுதினி கைப்பேசியை எடுத்து அத்தானை அழைத்தாள். மணி அலுவலகத்தில் அடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அடித்தது.

"மூடுங்க! சக்கரத்த மூடுங்க!"

அவள் கத்தியதும் ஆறுமுகம் உடனே மூடினார். ஆனால் கதவு திறக்க மறுத்தது. பல பேர் சேர்ந்து கடப்பாரை போட்டும் அசையவில்லை, உள்ளேயிருந்து யாரோ முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல. தட்டும் ஓசை குறைந்து, தேய்ந்து, நின்றது.

அது நின்ற பிறகு கதவு தானாகத் திறந்தது.

ஜெயந்தன் கதவருகே மண்டியிட்டுக் கிடந்தார். கெட்டுப்போன கொண்டியில் பத்து விரலும் கோத்திருந்தன. பிரித்தெடுக்கப் போலீஸ்காரர்கள் படாத பாடு பட்டார்கள்.

விசாரணையில் எல்லாரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள், டாக்டர் பெரட்டில் பதில் சொன்னார் என்று. சுலைஹாகூட அப்படித்தான் சொன்னாள். "ஆம்பளக் குரல்தான் மேடம், எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு லா," என்றபோது அவள் கண்ணில் பொய்யே இல்லை. குமுதினி கிட்டத்தட்ட அதே வாசகங்களின்கீழ் இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டாள். பதில் சொன்ன பிறகு, தானாக உள்ளே நுழைந்துவிட்டார்.

அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பிறகு புதுக் கதவு வந்தது, புதுக் கொண்டி வந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் குமுதினி தானே போய்க் கொண்டியை இழுத்துப் பார்த்தாள். பெயர் கூப்பிட மட்டும் அவளுக்கு நா எழவில்லை. அந்த வேலையைச் சுலைஹாவிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு வரிசையில் நின்றாள்.

புகைவீட்டை மறுபடி திறந்த நாள் மாலையிலும் நல்ல வெயில். குமுதினி கொட்டகையின் நடுவில், எல்லாருக்கும் தெரியும்படி நின்றுகொண்டாள். சுலைஹா கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். மூலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குமுதினிக்கு நெஞ்சு லேசானது. எல்லாம் அத்தானோடு தீர்ந்தது என்று முதல் தடவையாக நம்பினாள்.

"குமுதினி மேடம்."

அவள் வாயைத் திறந்தாள்.

"இருக்கேங்க."

அவள் சொல்லவில்லை.

சுலைஹா நிமிர்ந்தும் பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போனாள்.

"சுலைஹா, நான் பேசல... நான் இங்க நிக்கிறேன்!"

யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்றவள் அவள் தோளுக்கு மேலே பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

"எல்லாரும் இருக்காங்களா?" ஆறுமுகம் கேட்டார்.

"இருக்காங்கண்ணே."

அவர் சக்கரத்தில் கை வைத்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது, செம்பனை மட்டைகள் காற்றில் ஆடின. நாலு பக்கமும் திறந்த கொட்டகையில், அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு குமுதினி மூச்சை இழுத்தாள்.

பூண்டு வாடை நெஞ்சை அடைத்தது.