பதினேழு அனுமதிகள்

செவ்வாய்க் கோளின் பாலைநகரில் காலையில் கண் விழித்ததும் யாரும் பல் துலக்கப் போவதில்லை. முதலில் நுரையீரலுக்கு அனுமதி கொடுப்பார்கள். பிறகு கண்வில்லைக்கு, முழங்கால் மூட்டுக்கு, காதுக்குள் பதித்த செவிமணிக்கு. உடம்புக்குள் ஓடும் நிரல் ஒவ்வொன்றும் 'இன்றைக்கும் தொடரலாமா?' என்று தனித்தனியாகக் கேட்கும். அறுபது எழுபது கேள்விகளுக்கு யார் உட்கார்ந்து பதில் சொல்வது? எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் 'எல்லாம் சரி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அன்று மரகதவல்லியும் அப்படித்தான் அமுக்கினாள். நிரல் பாதுகாப்பு வாரியத்தின் புதிய கொள்கைப்படி, எல்லா அனுமதிகளையும் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் பழைய நிரல்கள் அன்றோடு அழிக்கப்பட இருந்தன. அவள் செவிமணியில் அப்படி ஒன்று இருந்தது. தினமும் காலையில் அது அவளை எழுப்பும்.

"மரகதம், ஏழாகப் போகுது. எழுந்திரு. போர்வைக்குள்ள இருந்துகிட்டு பேரம் பேசாதே."

அவள் கணவர் சேந்தனின் குரல் அது. மனிதர் போய்ப் பதினொரு வருடமாகிவிட்டது. நிரல் எழுதுவதுதான் அவர் தொழில். கல்யாணமான புதிதில் பூ வாங்கித் தரச் சொன்னாள், செவ்வாயில் பூவுக்கு எங்கே போவது என்று இந்த நிரலை எழுதித் தந்தார். இருந்தவரை அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவர் போன பிறகு, அதைக் கேட்காமல் ஒரு நாள் விடிந்தால் அது விடிந்த மாதிரியே இல்லை.

வாரிய அலுவலகத்தில் அவள் முறை வரும்போது மாலை நாலு மணி. அதிகாரியின் பெயர் நற்குணன், நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து இருநூறு பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"இதை அழிச்சிடாதீங்க தம்பி. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள் மரகதவல்லி.

நற்குணன் அவள் செவிமணியைத் தன் மேசை ஒலிபெருக்கியோடு இணைத்து, பட்டியலைத் திறந்தார். புருவம் மேலே போனது.

"அம்மா, எழுப்பி விடறதுக்குக் கடிகாரமும் காதும் போதும். ரெண்டே அனுமதி. இது பதினேழு வாங்கி வச்சிருக்கு. உங்க வீட்டுக் கதவு, உங்க நாடி, நீங்க எங்கே போறீங்க, யார்கிட்ட பேசறீங்க... இதெல்லாம் எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"தப்பா நினைக்காதீங்க. அவர் கொஞ்சம் சந்தேகப்படற ஆளா?"

மரகதவல்லிக்கு முகம் சிவந்துவிட்டது. "அவரா? என் பெட்டியைக்கூடக் கேட்காமத் திறக்கமாட்டாருப்பா" என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலை இன்னொரு முறை எட்டிப் பார்த்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர், அவள் யாரிடம் பேசுகிறாள் என்று வேவு பார்த்திருந்தால், அந்தக் குரலை இனி எந்த முகத்தோடு கேட்பது?

வாரியத்தில் இதற்கு ஒரு வழிமுறை உண்டு. அனுமதிகளை ஒவ்வொன்றாக மறுத்துப் பார்ப்பார்கள். நிரல் நின்றுபோனால் அந்த அனுமதி தேவை. நிற்காவிட்டால் தேவையில்லை. தேவையில்லாததையெல்லாம் மறுத்துவிட்டால் நிரலை அழிக்க வேண்டியதில்லை. நற்குணன் முதலில் கதவுக்கான அனுமதியை மறுத்தார்.

நிரல் நிற்கவில்லை, பேசியது.

"கதவு வேண்டாம்னுட்டியா மரகதம்? சரி. நீ காற்றடைப்புக் கதவைப் பாதி பூட்டிட்டுப் போயிடறே. மூணு தடவை நான் பாதி வழியில திரும்பி வந்து பூட்டியிருக்கேன். சொன்னா கோவிச்சுக்குவே, அதான் நிரலைப் பார்த்துக்கச் சொன்னேன். பரவாயில்லை, நானே நடந்து வந்து பூட்டிக்கிறேன்."

"இதை நான் கேட்டதே இல்லையே" என்றாள் மரகதவல்லி.

நற்குணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அனுமதி மறுத்தாத்தாம்மா இது பேசும். ஒவ்வொண்ணுக்கும் ஏன் கேட்டேன்னு காரணத்தைப் பதிவு பண்ணி வச்சிருக்கார். நீங்க ஒண்ணையும் மறுக்கலை, அதனால பேச வேண்டியே வரலை."

யாரிடம் பேசுகிறாள் என்பதற்கான அனுமதியை மறுக்கும்போது நற்குணனின் விரலே தயங்கியது.

"உங்க அக்கா பூமியிலேருந்து பேசினா, அன்னிக்கு நீ சரியாத் தூங்கறதில்லை. மறுநாள் மட்டும் அரை மணி நேரம் கழிச்சு எழுப்பலாம்னு பார்த்தேன். வேற ஒண்ணுமில்லை."

சில நாள் அது தாமதமாக எழுப்பியது உண்மைதான். பழுதாகிவிட்டது என்று அவரை எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! அவரும் "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று தலையாட்டியிருக்கிறார். மரகதவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நற்குணன் நாடியை மறுத்தார்.

"நாடி எதுக்குன்னு கேட்கிறியா? நீ எங்கே கேட்கப்போறே? படிக்காமலே எல்லாம் சரின்னு அமுக்கியிருப்பே. பதினஞ்சு காரணத்தையும் நான் சுவருக்குத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

கூடவே அவருடைய சிரிப்பு. கடைசியில் இருமலாக முடியும் அந்தச் சிரிப்பை அவள் மறந்தே போயிருந்தாள்.

இந்த நிரலை அவர் தந்த நாள் நினைவுக்கு வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை முழுக்க ஈரம். பதினேழு வரிப் பட்டியலை அவர் எதிரே நீட்டியதும் முழங்கையாலேயே 'எல்லாம் சரி'யை அமுக்கினாள். "படிச்சியா?" என்று கேட்டார். "நீங்க எழுதினதை நான் என்னத்தைப் படிக்கிறது?" என்றாள். அவர் முகம் சுருங்கியது. பசி போலிருக்கிறது என்று நினைத்துத் தோசை வார்த்துப் போட்டாள். அதை நம்பிக்கை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றி அழுகை வந்தது.

நற்குணன் நான்காவதை மறுக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. மிச்சத்தை இங்கேயே கேட்டுத் தீர்த்துடாதீங்க. எல்லாத்தையும் மறுத்தே வையுங்க. வீட்டுல தினம் ஒண்ணாக் கேட்டுக்கிறேன்."

காலையில் அனுமதிகளைக் காப்பாற்ற ஓடி வந்தவள் இப்போது மறுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். நற்குணனுக்கும் கண் கலங்கியது. பதினைந்தையும் மறுப்பில் வைத்தார். நாளொன்றுக்கு ஒன்றாக அது அனுமதி கேட்கும்படி அமைத்தும் கொடுத்தார். இன்னும் பன்னிரண்டு காரணங்கள் பாக்கி இருந்தன. பன்னிரண்டு காலைகள், பன்னிரண்டு புதிய பேச்சு. பதினொரு வருடத்துக்கு முன்பு போனவரிடமிருந்து!

கடைசியாக எட்டுப் பக்க ஒப்புதல் படிவம் ஒன்றை அவள் முன்னால் திரையில் திறந்தார்.

"படிச்சுப் பார்த்துட்டு ஒப்புதல் குடுங்கம்மா."

"என்னப்பா இருக்கு இதுல?"

"வழக்கமா இருக்கறதுதாம்மா" என்றார் நற்குணன். ஒன்பது வருடமாக அந்தப் படிவத்தை எல்லோரிடமும் நீட்டுகிறார். அவரும் படித்ததில்லை. பின்னால் இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

மரகதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு 'எல்லாம் சரி'யை அமுக்கினாள்.

ஆறாம் பக்கத்தில் மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: 'மறுக்கப்பட்ட அனுமதிகளைச் சார்ந்த குரல் பதிவுகள் தேவையற்றவையாகக் கருதப்பட்டு இன்று மாலை ஆறு மணிக்கு நீக்கப்படும். அவற்றை வைத்துக்கொள்ள விரும்புவோர் கீழே உள்ள கட்டத்தைத் தொடவும்.' பாலைநகரில் அந்தக் கட்டத்தை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை.

சுரங்க ரயிலில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நாளைக்கு எந்த அனுமதியை முதலில் கேட்பாரோ, அதற்கு என்ன காரணம் சொல்வாரோ என்று வழி முழுக்க யோசித்து, தனக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள். வீடு வந்து சேரும்போது மணி ஆறரை.