வர்ஜிலின் கோடு

எண்பது வருடத்துக்கும் மேல் பழைய கதவு நிலை அது. அதிலிருந்து, அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசனை வந்தது.

டெலேனி மூக்கை மரத்தருகே கொண்டுபோனாள். பெட்ரோல் பங்குக் கண்ணாடி உருண்டை, துருவேறிய சோடா விளம்பரத் தகரங்கள், பாடாத ஜூக்பாக்ஸ் என்று அப்பா வாங்கிக் குவித்தவற்றின் எண்ணெய் நெடி வீடெங்கும் ஊறிக் கிடந்தாலும், அதையெல்லாம் மீறி இந்த வாசனை தனியாக வந்தது.

இடிக்கப் போகிற பண்ணைவீடு ஒன்றிலிருந்து அப்பா அதைப் பெயர்த்து வந்து தங்கள் சமையலறை வாசலில் பொருத்தியிருந்தார். பிறந்தநாள்தோறும் அந்த வீட்டுப் பையனை நிற்கவைத்துக் கோடு கிழித்திருக்கிறார்கள். வர்ஜில், 1934. வர்ஜில், 1935. அவனுக்கு ஏழு வயதான 1937க்குப் பிறகு கோடு இல்லை.

பழம்பொருளைத் துடைக்காதே, தேய்க்காதே, எதையும் சேர்க்காதே. அப்பாவின் சட்டம் அது. ஆனால் தம்பி எம்மெட் தன் ஏழாவது பிறந்தநாளில் கெஞ்சியதும், அவரே அவனை அங்கே நிறுத்திக் கோடு போட்டு, பெயரும் வருடமும் எழுதிவிட்டார். வர்ஜிலின் கடைசிக் கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே.

இப்போது வர்ஜிலின் கோடுதான் மேலே இருந்தது.

"குளிருக்கு மரம் சுருங்கும்டி. நீ கெமிஸ்ட்ரில பாஸாகுற வழியப் பாரு," என்றார் அப்பா.

"எம்மெட் பேன்ட் தரையில இழுபடுதுப்பா."

"உங்கம்மா என்னைக்கு அளவா வாங்கியிருக்கா?"

"போன வாரம் சரியா இருந்துச்சு. அந்த வர்ஜில் கோட்டைத் தேய்ச்சு அழிச்சிடலாம்பா, ப்ளீஸ்."

"அழிச்சா அது வெறும் விறகு. கைய வெச்ச, தொலைச்சுப்புடுவேன்!"

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் ஏலத்துக்குப் போயிருந்தார்கள். ஒஹாயோவின் டிசம்பர் இருட்டு ஐந்து மணிக்கே ஜன்னலில் வந்து அப்பியது. கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழும் ஓசை; அதன் பிறகு, சமையலறைப் பக்கம் மரத்தில் பென்சில் மெல்ல இழுபடுவதுபோல் ஓர் ஓசை.

"டெல்," எம்மெட் இருட்டில் நின்று கூப்பிட்டான். "யாரோ சுவிட்ச மேல தூக்கி வெச்சுட்டாங்க. எனக்கு எட்டல."

அவளே விளக்கைப் போட்டாள். அவனை நிலையோடு சேர்த்து நிறுத்தினாள். அவன் தலை, அவனுடைய கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து வந்தாள். எம்மெட்டை முக்காலியில் உட்காரவைத்தாள்.

"அங்கேயே இரு. பாடிக்கிட்டே இரு. நீ இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

"என்ன பாட்டு?"

"ஏதோ ஒண்ணு. நிறுத்தாத, குரங்கு."

அவன் முனக ஆரம்பித்தான். அவள் வர்ஜிலின் கோட்டைத் தேய்த்தாள். தூள் உதிர்ந்தது, கோடு போகவில்லை. மரத்தின் ஆழம் வரை கருப்பு. விரல் தோல் வழன்று எரிந்தது. சரி, அவனை அழிக்க முடியாது. தம்பியைப் பிரித்தெடுக்கலாமே. இந்த மரத்தில் தம்பியின் பெயரே இல்லாவிட்டால் அவனை விட்டுவிடும் அல்லவா?

எம்மெட்டின் கோட்டில் தாளை வைத்தாள்.

சுலபமாகப் போனது. கோடு போனது. வருடம் போனது. பெயரின் ஒவ்வோர் எழுத்தும் போனது.

முனகல் நின்றது.

"எம்மெட்?"

திரும்பினாள். முக்காலியில் அவன் ஸ்வெட்டர். தொட்டாள். இன்னும் சூடு. கீழே இரண்டு காலுறைகள். வேறொன்றும் இல்லை.

முதுகுக்குப் பின்னால், சீவிய பென்சிலின் வாசனை.

மெல்லத் திரும்பினாள்.

நிலையில் முதுகு ஒட்டி, குதிகால் இரண்டும் சேர்த்து, மோவாயைத் தூக்கி, அவள் பார்த்தேயிராத ஒரு பையன் நின்றிருந்தான். கண்களை இறுக மூடியிருந்தான். கோடு கிழிக்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி, அசையாமல்.

நீட்டிய கையில் பென்சில் இருந்தது.

அவன் தலைக்கு மேலே, மரத்தில், ஏற்கெனவே எழுதியிருந்தது: டெலேனி.