சாம்பிராணியில் இறகு நாற்றம்

சாம்பிராணிப் புகையோடு இன்று இறகு கருகும் நாற்றமும் சேர்ந்து வந்தது.

நாசியா படுத்தபடியே முகர்ந்து பார்த்தாள். நாற்பது நாள் முடியும்வரை பிள்ளை பெற்றவள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கோட்டக்குப்பத்து அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் சத்தமாகவும் வாசமாகவும்தான் அவள் தெரிந்துகொண்டாள்: மீன் வறுபடும் வாசம், துணி அலசும் சத்தம், கொல்லைக் கூண்டில் கோழிக்குஞ்சுகளின் ஓயாத கீச்சு. கணவன் யாஹ்யா குவைத்தில். பெற்ற தாய் உயிரோடு இல்லை. பன்னிரண்டு வயது மகள் ரிஸ்வானாதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் சோறு போட்டால் ஒரு பருக்கை சிந்தாது. சற்றுமுன் தம்பியைக் குளிப்பாட்டத் தூக்கிப்போனதும் அவள்தான்.

கொல்லையில் இப்போது கீச்சு இல்லை.

"ரிஸ்வானா, என்னடி தீயற நாத்தம்?"

"ஒண்ணுமில்லமா. தம்பிக்குப் புகை போட தணல் ரெடி பண்ணிக்கினு இருக்கேன்."

"ஜெயம் அக்கா எங்க?"

"அவங்களுக்கு ஜுரமாம். நானே குளிப்பாட்டிட்டேன்."

தினமும் குழந்தையைக் குளிப்பாட்டுவது பக்கத்து வீட்டு ஜெயம். காலையில்கூட நன்றாகத்தானே பேசினாள்? நாசியா செல்போனை எடுத்தாள்.

"ஜுரமா? எனக்கா?" என்றாள் ஜெயம். "நீதானமா இன்னிக்கி வர வேணாம்னு சொல்லி வுட்ட? பொண்ணு வந்து சொல்லிச்சே. நான் திண்டிவனத்துல என் பொண்ணு வூட்டுக்கு வந்துட்டேன்."

நாசியா அழைப்பைத் துண்டித்தாள். போன வருஷம் சங்கவி என்ற பிள்ளை பள்ளி மாடிப்படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டாள். எப்படி விழுவாள் என்று பார்க்கத்தான் தள்ளினேன் என்று ரிஸ்வானா வீட்டில் சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டே. தலைமையாசிரியை திட்டவில்லை. பிள்ளை முகத்தில் வருத்தமே இல்லை, விழுப்புரத்தில் மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். நாசியா ஆடித் தீர்த்துவிட்டாள். என் மகள் அந்தப் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்தாள். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டாமா? யாஹ்யாவிடமும் மூச்சு விடவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை ரிஸ்வானா பக்கத்தில் நின்று தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுக்க, நாசியா எழுந்து கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள்.

"கதவத் திறடி."

"நாப்பது முடியலியேமா. நீ வெளிய வரக்கூடாது."

"தம்பியக் கொண்டா. ஜல்தி!"

"இன்னும் அவனுக்குப் புகை காட்டலியே."

தணலை விசிறும் சத்தம். கரி வெடித்தது. குழந்தை களுக்கென்று சிரித்தது. இப்போதுதான் சிரிக்கப் பழகியிருந்தான்.

"குஞ்சுங்க கத்திச்சிங்கமா. கொஞ்ச நேரந்தான். அப்புறம் சும்மா ஆயிடுச்சிங்க." குரல் கதவுக்கு மிக அருகில் வந்திருந்தது. "இவன் ஏம்மா சிரிக்கிறான்?"

நாசியா கதவை அறைந்தாள். அலறினாள். யாருக்குக் கேட்கும்? ஒரு பக்கம் ஜெயத்தின் வீடு. மறுபக்கம் குவைத்துக்குப் போன ஒருவர் பூட்டிப் போட்ட வீடு.

காலடிச் சத்தம் கதவைவிட்டு விலகிப் போனது. நிதானமாக.

கையில் செல்போன் அதிர்ந்தது. யாஹ்யா. இந்த நேரத்துக்கு வழக்கமாக வரும் வீடியோ கால்.

"அத்தாவாமா?" தணல் பக்கமிருந்து ரிஸ்வானா கேட்டாள். "அன்னிக்கி ஸ்கூல்ல சொன்னல்ல, அதே மாதிரி சொல்லு. உனக்கு நல்லா வருதே."

விரல் பட்டு அழைப்பு திறந்துகொண்டது. யாஹ்யா பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"புள்ள எங்க நாசியா? காட்டு."

அவள் வாய் திறந்தது. கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை நுழைந்து பாதங்களைச் சுற்றிக்கொண்டது. வெளியே குழந்தையின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.