முன்னால் போகிறவனின் கை

மினாஸ் இறந்து ஓர் ஆண்டு நிறைந்த அன்று காலை, சைக்கிள் கூட்டம் வழக்கம்போல என் காபிக்கடை வாசலில் வந்து இறங்கியது. ஆலிவ் அறுவடைக் காலம். தோப்புகளில் கழித்துப்போட்ட ஈரக் கிளைகளை எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை சாலையில் தவழ்ந்து கடைக்குள்ளேயும் வந்தது.

மினாஸ் என் தம்பி. மலைச்சாலை வளைவில், வலப்பக்கக் குழியில் சக்கரம் இறங்கி, சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டுப் பள்ளத்தில் விழுந்து செத்தான். அவனுக்கு முன்னால் போனவன் திராஸோஸ், அவன் உயிர் நண்பன். பின்னால் போனவள் நான். இடையில் என் தம்பியின் முதுகும், பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கிய மஞ்சள் பைகளும் மறைத்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

இறக்கத்தில் வரிசையாகப் போகும்போது யாரும் சாலையைப் பார்ப்பதில்லை. முன்னால் போகிறவனின் கையைத்தான் பார்ப்போம். கை தாழ்ந்து இடப்பக்கம் சுட்டினால் குழி இடப்பக்கம். வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். யோசிக்க நேரமே கிடையாது.

"நான் கை காட்டினேன் அக்கா. அவன்தான் பாக்கல" என்று திராஸோஸ் சாவு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஊர் நம்பியது. என் தம்பி மனைவி லெமோனியாவும் நம்பினாள். அறுவடை முடிந்ததும் அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. முன்னால் போகிறவன் கையை என் தம்பி ஒருநாளும் பார்க்காமல் விட்டதில்லை. அந்தக் கை எந்தப் பக்கம் காட்டியது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் கிடையாது.

"என்னக்கா, காபியில சர்க்கரையே காணோம். இன்னும் எம்மேல கோபமா?" என்றான் திராஸோஸ், கோப்பையைத் தூக்கிக் காட்டி.

"சர்க்கரை எல்லாம் கோதுமைக்குப் போயிடுச்சு. பேசாம குடி."

செத்தவர்களுக்காக வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து மூட்டை கட்டியிருந்தேன். மேலே மாதா கோயிலில் பூசை. எல்லோரும் மிதித்து ஏறினோம். பாதி வழியில், மினாஸ் விழுந்த வளைவில், இரும்புக் காலில் நான் நட்டுவைத்த சின்னக் கண்ணாடிப் பெட்டி நிற்கிறது. உள்ளே அவன் படம், எங்கள் தோப்பு எண்ணெயில் எரியும் விளக்கு, அவன் இருக்கைக்கு அடியில் கட்டியிருந்த ஆட்டு மணி. விளக்குக்கு எண்ணெய் ஊற்றிப் பெட்டியைப் பூட்டினேன். திராஸோஸ் நிற்காமல் ஏறிப் போய்விட்டான்.

பூசை முடிந்து கோதுமையைத் தின்றுவிட்டு இறங்கத் தொடங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. வரிசைக்குத் தலைமை திராஸோஸ். அவன் சக்கரத்தை ஒட்டி நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் லெமோனியா.

"வயசான காலத்துல எதுக்குக்கா முன்னாடி வர்ற?"

"உன் கையைப் பாக்கணும்னு ஆசை."

அவன் சிரிக்கவில்லை.

கோயில் திருப்பம் தாண்டியதும் புகைக்குள் நுழைந்தோம். கண் எரிந்தது. ஈர இலை கருகும் வாசனை தொண்டையை அடைத்தது. திராஸோஸின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அந்த வாசனைக்குள் இன்னொன்று கலந்தது. புது எண்ணெயும் வியர்வையும். மினாஸ் வீட்டுக்குள் நுழைந்தால் வருகிற வாசனை.

முன்னால் மணி ஒலித்தது.

ஆட்டு மணி. மேடு பள்ளத்தில் குலுங்குகிற மணி.

திராஸோஸின் தோள் இறுகியது. திரும்பாமலே கேட்டான்.

"அக்கா, மணியை எடுத்துட்டு வந்தியா?"

"மணி பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கு."

வரிசைக்கு அவன்தான் முதல் ஆள். அவனுக்கு முன்னால் யாரும் கிடையாது.

புகை கொஞ்சம் விலகியது.

அவனுக்கு முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். பின்சக்கரத்தின் இரு பக்கமும் மஞ்சள் பைகள்.

பிரேக்கைப் பிடிக்க விரல் வரவில்லை. வளைவு நெருங்கியது. பள்ளத்தின் ஓரமாக, வலப்பக்கம், கண்ணாடிப் பெட்டியின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. போன வருடம் அந்தப் பக்கம் இருந்த குழியைத் தார் போட்டு மூடிவிட்டார்கள். சாலையில் வேறு குழி இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

முன்னால் போனவன் கையைத் தாழ்த்தினான்.

இடப்பக்கம் சுட்டினான்.

"ஏமாத்தறான்" என்று முனகினான் திராஸோஸ். அவன் குரல் குழந்தை குரல்போல ஒடுங்கியிருந்தது. "நான் காட்டின மாதிரியே மாத்திக் காட்டறான். அதே மாதிரியே காட்டறான் அக்கா."

சொல்லிவிட்டு இடப்பக்கம் ஒடித்தான்.

நான் யோசிக்கவில்லை. என் தம்பியின் கையை நம்பி வலப்பக்கம் ஒதுங்கினேன். என் பின்னாலேயே லெமோனியா வந்தாள். எங்கள் சக்கரத்துக்கடியில் வழவழப்பான தார்.

இடப்பக்கம் மலையை ஒட்டிய வாய்க்கால், மழையில் அடி அரித்து, காலையில் நாங்கள் ஏறிப் போன பிறகு இடிந்து, சாலை வாய் பிளந்து கிடந்தது. திராஸோஸின் முன்சக்கரம் அதற்குள் இறங்கியது. அவன் தலை கல்சுவரில் மோதிய சத்தத்தை நான் கேட்டேன்.

பிறகு மணிச் சத்தம் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். மணி இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டால் சுட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால், மனம் குளிர்ந்தது. என் தம்பி அவனிடம் பொய்கூடச் சொல்லவில்லை. உள்ளபடிதான் காட்டினான். அதை நம்ப முடியாமல் போனது திராஸோஸின் புத்தி.

திராஸோஸ் செத்த நாற்பதாம் நாள் லெமோனியா கடைக்கு வந்து நின்றாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"அண்ணி, அவனுக்கும் அந்த வளைவுல ஒரு விளக்கு வைக்கணும். சாலையோரம் உங்க தோப்பு. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"என் தம்பியைக் கொன்னவனுக்கு என் மண்ணுல விளக்கா?"

"பண்ணது பாவம்தான். எனக்கும் அவன் பேரைச் சொல்லவே கூசுது. ஆனா விளக்கில்லாம அவன் எங்க போவான் அண்ணி? அங்கேயேதான சுத்துவான்?"

"சுத்தட்டும். இருட்டுலயே கெடக்கட்டும்."

அவள் போய்விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் மினாஸின் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது, எதிர்ப்பக்கக் கல்சுவரைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் வருவேன்.

அடுத்த நவம்பர் வந்தது. மழை பெய்து ஓய்ந்து, மறுபடி தோப்புகளில் புகை கிளம்பியது. முந்தின நாள்தான் கவனித்தேன், போட்ட தார் பெயர்ந்து, மினாஸ் விழுந்த வலப்பக்கக் குழி மறுபடி திறந்திருந்தது.

அன்று மாலை ஹாலந்துக்காரி ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வந்தாள். சுமை ஏற்றிய சைக்கிள், புகையில் சிவந்த கண். எங்கள் மொழியை நன்றாகவே பேசினாள்.

"ரெண்டு காபி குடுங்க. வீட்டுக்காரர் பின்னாடி வந்துட்டிருக்கார்" என்று உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "உங்க ஊர்ல கை காட்டுறது வேற மாதிரியா?"

"ஏன்?"

"மேல வளைவுல எனக்கு முன்னாடி ரெண்டு பேர் போனாங்க. முதல்ல போனவர் வலப்பக்கம் காட்டினார். அவரை ஒட்டிப் போனவர் இடப்பக்கம் காட்டினார். யாரை நம்புறதுன்னு குழம்பிட்டேன்."

காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"யாரை நம்பினே?"

"முதல்ல போனவரை. அவர் சைக்கிள்ல ஒரு மணி கட்டியிருந்தது. கிட்ட வந்ததும் அது பிடிச்சு உலுக்கின மாதிரி அடிச்சுது. என்னைத்தான் கூப்பிடறார்னு தோணுச்சு." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன இவரை இன்னும் காணோம்?"

"அவரும் மணியைக் கேட்டிருப்பார்மா."

"அவருக்குக் காது கேக்காது" என்றாள். "தனக்கு ரொம்பக் கிட்ட முன்னாடி போறவங்க கையைப் பாத்துத்தான் ஓட்டுவார்."

எண்ணெய்த் தகரத்தையும் திராஸோஸுக்கென்று ஒரு விளக்கையும் எடுத்துக்கொண்டு சாலையில் ஓடினேன். மேலே புகைக்குள் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

நான் பாதி தூரம் ஏறுவதற்குள் அது நின்றுவிட்டது.