தும்மிய கணவாய்

இடித்தவன் அவன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அவள் பாட்டுக்கு ஓரமாகத்தான் படி ஏறிக்கொண்டிருந்தாள். அவன் மேலேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, திருப்பத்தில் அவள் மேலேயே வந்து மோதினான். கையிலிருந்த டீ மொத்தமும் அவளுடைய வெள்ளைக் கோட்டில்... மருந்துக்கடைக் கோட்டு. அன்று காலையில்தான் சலவையிலிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள், பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி திருதிருவென்று விழித்தன. கண்கள் நன்றாகத்தான் இருந்தன. அதற்காக விட்டுவிட முடியுமா?

"க... க... க..."

"கண்ணு தெரியலையான்னு கேக்கறீங்க. ஸாரிங்க, தப்பு என்மேலதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயே போய்விட்டான்.

அவள் அப்படியே நின்றாள். டீ சுடவில்லை. சொல்ல வந்ததை அவன் எடுத்துச் சொன்னானே, அதுதான் சுட்டது. அதுவும் தப்பாக. 'கவனிச்சு வரக்கூடாதா' என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் திக்கும். கீழ்த்தளத்து மருந்துக்கடையில் வேலை. சீட்டை வாங்கி மாத்திரையைக் கொடுத்தால் போதும், பேச்சுக்கு அவசியமில்லை என்றுதான் அந்த வேலைக்கே வந்தாள். வந்த இடத்தில், அதே கட்டடத்தின் மேல்மாடியில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று வாசலில் காகிதம் ஒட்டியிருந்தது. இதுவரை கேமே ஆடிப் பார்க்காதவர்கள் தேவையாம். புது ஆட்டத்தை ஆடிக் காட்ட வேண்டுமாம்.

"ஆடுங்க, அவ்வளவுதான். எங்க மாட்டிக்கறீங்கன்னு நாங்க பாத்துக்கறோம்" என்றார் அங்கிருந்த மேற்பார்வை மேடம்.

அன்றிலிருந்து கடை முடிந்ததும் தினமும் மேலே வந்துவிடுவாள். இருட்டான சின்ன அறை, ஒரு திரை, காதில் ஹெட்போன். திரையில் அவள் முத்து எடுக்கிற ஆள். கடலுக்கடியில் நீந்த வேண்டும், மூச்சு தீர்வதற்குள் மேலே வர வேண்டும். குறுக்கே எதிரியாக ஒரு கணவாய் மீன் வரும். கால்களை ஒடுக்கிக்கொண்டு ஒரு நொடி நிற்கும், பிறகு சாய்வாக விர்ரென்று பாயும். பட்டால் திரை முழுக்க மை. ஆட்டம் காலி.

அந்தக் கணவாயிடம்தான் அவள் பேசினாள். நாள் முழுக்கப் பூட்டி வைத்ததையெல்லாம் அவிழ்த்துக் கொட்டினாள்.

"டேய் கணவாய், இன்னைக்கு ஒருத்தன் என் கோட்டுல டீயைக் கொட்டிட்டான்டா. கொட்டினதுகூடப் பரவால்ல. நான் சொல்ல வந்ததை அவனே சொல்லி முடிக்கறான். வாயில வெச்ச சோத்தைப் புடுங்கித் தின்ன மாதிரி இருக்குடா எனக்கு. எவ்வளவு நேரம் ஆனா என்ன... நானே சொல்லிக்க மாட்டேனா? கொஞ்சம் நிக்க முடியாதா இவங்களுக்கெல்லாம்?"

ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அவளுக்குத் திக்கவே திக்காது.

பாயத் தயாராக இருந்த கணவாய் பாயவில்லை. அப்படியே மெல்ல மெல்லக் கீழே இறங்கி அவளுக்கு எதிரில் நின்றது. அவள் மனசு சரியில்லாமல் பேசுகிற நாட்களில் எல்லாம் இப்படித்தான். நிச்சயம் ஏதோ கோளாறு. மேடத்திடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் ரிப்பேர் செய்துவிடுவார்களே... அவள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதே படியில் அதே கண்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"கோட்டுல கறை போயிடுச்சாங்க?"

"போ... போ... போ..."

பேசாமல் நின்றான். அவள் வாயைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உதவி செய்கிறேன் என்று தலையைத் தலையை ஆட்டவும் இல்லை. அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான்.

"...போகல."

"அப்ப புதுசு வாங்கித் தர்ற வரைக்கும் இந்தாங்க" என்று குடையை அவள் கையில் திணித்தான். "நான் பக்கத்துலதான் போறேன்."

பக்கத்திலாவது மண்ணாவது. தெருக்கோடி தாண்டியும் நனைந்துகொண்டே ஓடினான். அவள் வாசலில் திகைத்துப்போய் நின்றாள். அவள் பேசி முடிக்கும்வரை பெற்றவர்கள் நின்றதில்லை, உடன்பிறந்த அக்கா நின்றதில்லை. இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மறுநாள் அதையும் கணவாயிடம்தான் சொன்னாள்.

"டேய், அந்தப் படிக்கட்டு ஆள் இருக்கான்ல... நின்னான்டா. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நின்னான். கண்ணு வேற அப்படி இருக்கா, எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத... எனக்கு அவனைப் பிடிச்சுப் போச்சுடா."

கணவாய் போய்ப் பாறையில் முட்டிக்கொண்டது. திரும்பி வந்து மறுபடி முட்டிக்கொண்டது. பிறகு கடல்பாசிக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"என்னடா, உனக்கு எதுக்கு வெக்கம்?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். பாசிக்குப் பின்னாலிருந்து கணவாய் ஒரு துள்ளு துள்ளியது.

அவள் கை நின்றது.

மறுபடி ஒரு தும்மல். மறுபடி ஒரு துள்ளல். ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள். மூன்றாவது தும்மல் சுவரைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது, திரையில் கணவாய் எகிறிக் குதித்தது.

எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள்.

அவன். மூக்கெல்லாம் சிவந்து, காதில் ஹெட்போன், கையில் விளையாடுகிற கருவி. அவனுக்கு முன்னால் இருந்த திரையில் அவளுடைய முத்துக்குளிக்கிற ஆள். ஓட்ட ஆளில்லாமல் கணவாய் கடலடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"கணவாய்க்கு மூளை, அதான் புரோகிராம், இன்னும் எழுதி முடியலைங்க" என்றான். "அதுவரைக்கும் நான்தான் ஓட்டறேன். ஆடறவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு கண்டிஷன். நீங்க எங்க பயப்படறீங்கன்னு தெரியணும்னு உங்க ஹெட்போன்ல இருக்கற மைக்கை என் காதுக்கு இழுத்திருக்காங்க."

"எ... எ... எல்லாமேவா?"

"எல்லாமே."

கணவாயிடம் கொட்டிய அக்காவின் குறட்டை, துணிக்கடை டிரயல் ரூமில் மாட்டிக்கொண்ட கதை, வார்த்தைக்கு வார்த்தை போட்ட 'டா'... ஐயோ, சற்று முன்னால் சொன்னது. படியில் நின்றது, குடை கொடுத்தது, எல்லாம் ஒட்டுக் கேட்டுச் செய்ததா? அதை நல்ல குணம் என்று நம்பி உருகினாளே. திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அக்காவிடம் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் மடிக்க எடுத்த துணியெல்லாம் மடித்து முடிந்திருந்தது.

"என் குறட்டையையுமாடி சொன்ன?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "இரு... அப்போ நீ ஒரு மனுஷன்கிட்ட இத்தனை நாள் திக்காம பேசியிருக்க."

இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அ... அவன் இருக்கான்னு தெ... தெரியாதுல்ல?"

"இப்பத் தெரியும்ல, போய்ப் பேசு."

"தி... திக்குவேன்."

"திக்கேன். அதுக்கென்ன இப்போ?"

அப்படியும் அவள் மேலே போகவில்லை. ரோஷம் விடவில்லை. ஒருநாள் மேடமே கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தார்.

"கணவாய் மூளை ரெடியாயிடுச்சும்மா, ஒருதடவை வந்து ஆடிக் காட்டிடு. பேசறதை ஆள் கேக்குதுன்னு இனிமே முன்னாடியே சொல்லிடறோம். அந்தத் தம்பிதான் சண்டை போட்டு மாத்த வெச்சுது. அதுக்கு இங்க வேலை முடிஞ்சுது, நாளைக்கு வேற ஊர் ஆபீசுக்குப் போகுது."

நாளைக்கா?

அன்று மாலை ஆடினாள். புதுக் கணவாய் கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்தது. மை. திரும்ப ஆடினாள். "டேய், நான் பேசிட்டிருக்கேன்ல" என்றாள். அது பாட்டுக்குப் பாய்ந்தது. மை. கறுத்த திரையைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவளே அதிர்ந்து போனாள். அவன் இல்லாத சாயங்காலம் இனி எல்லாமே இப்படித்தான் இருக்கும் போலிருந்தது.

எழுந்து போனாள். பக்கத்து அறையில் அவன் ஒயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கே... கேட்டிருக்கக் கூடாது."

"கூடாது" என்றான் உடனே. "முதல் நாளே ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு வந்து சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க பேசறதை நிறுத்திடுவீங்கன்னு பயம். அது என் சுயநலம்தான். படியில நின்னதும் நீங்க சொல்லித் தெரிஞ்சுகிட்டதாலதான். இல்லைன்னா இன்னும் குறுக்கதான் பேசிட்டிருந்திருப்பேன்."

பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். இப்படி ஒத்துக்கொண்டால் என்ன செய்வது?

"உங்க குரல் கேக்காம எனக்கு சாயங்காலம் நகரவே மாட்டேங்குதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "உங்களைப் பிடிச்சிருக்கு. கேட்டதால பிடிச்சுதுன்னு நீங்க கோவிச்சாலும் சரி."

"எ... எனக்கும் உங்களைப்..."

அங்கேயே நின்றுவிட்டது. உதடு ஒட்டிக்கொண்டது. பி... பி... கண்ணை மூடினாள், வரவில்லை. மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அந்த வார்த்தை என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், பாதி சுற்றிய ஒயரோடு அசையாமல் நின்றான். அவன் கண்கள் மட்டும் கலங்கிவிட்டன.

"...பி... பிடிச்சிருக்கு."

"போ... போ... போகாதீங்க" என்று அதையும் திக்கித்தான் சொன்னாள்.

அவன் மறுநாளும் போகவில்லை.