குட்டையில் பெரிய தலைப்பிரட்டை

அறவாழி லிப்டுக்குள் நுழைந்ததும் உள்ளே இருந்த நால்வரும் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள். அவர்கள் போக வேண்டிய மாடி அது இல்லை என்பது அவருக்குத் தெரியும். "தலைப்பிரட்டைகள்" என்று இளக்காரமாக முணுமுணுத்தார்.

எல்லாம் அவருடைய அக்குளில் பதித்திருந்த அடக்குச்சுரப்பியின் வேலை. அதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மழைக்குட்டையில் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை பொரிந்து வந்த தலைப்பிரட்டைகளில் முந்திக்கொண்டு பெருத்தது, தன் கழிவோடு ஏதோ ஒன்றைத் தண்ணீரில் விடும். அது பட்டதும் சின்னவை எதிரே பாசி கிடந்தாலும் தின்னாமல், வளராமல் அப்படியே கிடக்கும். பெரியதோ கால் முளைத்து, வால் சுருங்கி, தவளையாகிக் கரையேறிவிடும். மற்றவை குட்டை வற்றும்வரை தலைப்பிரட்டைதான். விலங்கியல் படித்த எத்தனையோ பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கழிவை மனிதருக்கு ஏற்ற வாசமாக்கி அக்குளில் வைத்துத் தைக்கலாம் என்று தோன்றியது இந்த மகானுக்கு மட்டும்தான்.

சுரப்பி வைத்தவன் பக்கத்தில் வந்து நின்றால் மற்றவனுக்குச் சுயபுத்தி வேலை செய்யாது, தலையை மட்டும் ஆட்டுவான். முதலாளிகள், கல்லூரித் தாளாளர்கள், மாமனார்கள் என்று வாங்குவதற்கு அடிதடியே நடந்தது.

"சார், இதை நிறுத்தி வைக்க ஒரு வழி வேணும். நாளைக்கு ஏதாவது அவசரம்னா..." என்று அவருடைய உதவியாளர் முகிலன் ஒருமுறை ஆரம்பித்தான். அறவாழி ஓரடி நெருங்கி நின்றார். "அது... நீங்க சொன்னா சரிதான் சார்" என்று அவனே முடித்துக்கொண்டான். அன்றைக்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

லிப்ட் மேலே போய்க்கொண்டிருந்தபோதே அவருக்கு நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியது போல வலித்தது.

மருத்துவமனையில் டாக்டர் ஜெசிந்தா கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று ஒலிபெருக்கியில் பேசினார். "பெரியவரே, ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கு. இப்பவே திறந்து தைக்கணும். இதைவிட மோசமானதெல்லாம் பாத்தாச்சு, பேசாம படுங்க."

கர்வம் பிடித்தவள் என்று அறவாழி நினைத்தார். அடுத்தவரின் கர்வத்தைப் பார்த்து அவருக்கு நிம்மதி வந்தது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. மேசையை நெருங்க நெருங்க ஜெசிந்தாவின் நடை தளர்ந்தது. அந்த வாசத்தை முகக்கவசம் தடுக்காது. தடுக்காதபடி செய்தவரும் அறவாழியே. மயக்க மருந்து டாக்டர் ஊசியைப் பிடித்தபடி, "எவ்வளவு போடட்டும் சார்?" என்று கேட்டார்.

"என்னைக் கேக்கறியா? அம்மா, நீங்க அறுங்க! உயிர் போகுது!"

"அறுக்கறேன் சார்" என்று ஜெசிந்தா பணிவாகக் கத்தியை எடுத்தார். "எந்த இடம்னு மட்டும் சொல்லிடுங்க."

அறவாழி தன் ஆயுளில் திறந்து பார்த்தது ஒரே வகை இதயத்தைத்தான். கல்லூரியில், மெழுகுத் தட்டில் குத்தி வைத்த தவளையினுடையது. அதற்கு மூன்று அறை. மனிதனுக்கு நான்கு என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.