ஃபோர்க்கில் ஒரு சிவப்புப் புள்ளி

மழை ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் பெமிலா அந்தக் கடைப்பக்கம் ஒதுங்கியே இருக்கமாட்டாள்...

இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே மலை சைக்கிளும் கையுமாகச் சொட்டச் சொட்ட நின்றாள். சைக்கிள் கடைக்காரன் ஸ்டெனி எட்டிப்பார்த்தான். அவன் கண் முதலில் போனது அவள்மேல் அல்ல, முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் ஃபோர்க்மேல்.

"ஆயில் கசியுதே... சீல் போயிருக்கு" என்றான். அப்புறம்தான் நிமிர்ந்தான். மழை விட்ட வானம் மாதிரி தெளிவான கண்கள். "ஹேண்டில்பாரும் ஒங்களுக்கு ரொம்ப அகலம். மணிக்கட்டு வலிக்குமே?"

வலிக்கத்தான் செய்தது. ஆனால் இவனுக்கு எப்படித் தெரியும்? இப்படி இனிக்க இனிக்கப் பேசித்தான் போன வருஷம் ஒரு கடைக்காரன் அவளுடைய நல்ல பிரேக்கைக் கழற்றிக்கொண்டு ஓட்டை பிரேக்கை மாட்டி அனுப்பினான். தக்கலை ஸ்கூலுக்கே விசில் ஊதும் பி.டி. டீச்சரான தன்னையே ஒருத்தன் ஏமாற்றிவிட்டானே என்ற எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இந்த ஃபோர்க்கோ, மஸ்கட்டில் வெயிலில் காயும் அண்ணன் ஆசையாக அனுப்பியது.

அதனால் அவன் உள்ளே ஸ்பானர் எடுக்கப் போன நேரத்தில், பையிலிருந்த சிவப்பு நெயில் பாலிஷைத் திறந்தாள். ஃபோர்க்கில் ஒரு புள்ளி, பிரேக்கில் ஒரு புள்ளி, ஹேண்டில்பாரில் ஒரு புள்ளி. மாற்றினால் மாட்டிக்கொள்வான்.

திரும்பி வந்தவன் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி.

"ஒங்க எடை எவ்வளவு?"

"அது எதுக்கு ஒங்களுக்கு?"

ஆளின் எடைக்குத் தக்கபடிதான் ஃபோர்க்கில் காற்று அடைக்க வேண்டும் என்று விளக்கினான். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து காட்டினால் இன்னும் நல்லது என்றான். பஞ்சர் ஒட்ட வந்த இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் ஏறி உட்காரவா? மாட்டேன் என்றாள். எடையை மட்டும் சொன்னாள், ஆறு கிலோ குறைத்து.

அடுத்த சனிக்கிழமை சைக்கிள் தயார். ஹேண்டில்பாரை இருபுறமும் அளவாக வெட்டியிருந்தான். பிரேக் லீவரை அவள் விரலுக்கு எட்டும்படி நெருக்கி வைத்திருந்தான். கைகள் தாமாகப் போய் அமர்ந்தன. பரவாயில்லையே... என்று மனம் கொஞ்சம் இளகியது.

ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கியதும், டொம்! ஃபோர்க் அடிவரை போய் இடித்தது. இறங்கிப் பார்த்தாள். பிரேக்கில் புள்ளி இருந்தது, ஹேண்டில்பாரில் இருந்தது... ஃபோர்க்கில் மட்டும் இல்லை.

அதே வேகத்தில் கடைக்குத் திரும்பினாள். நாலு பேர் நிற்பதைப் பார்த்தும் குரலைத் தணிக்கவில்லை.

"எங்க அண்ணன் அனுப்புன ஃபோர்க் எங்க? இது அடிவரை போய் இடிக்கு! என்னத்த மாட்டி வச்சிருக்கிய?"

ஸ்டெனியின் முகம் செத்துப்போனது. கடைக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர்களைப் பார்த்தான், நிறுத்திக்கொண்டான்.

"அது ஒங்களுக்கதுதான். நம்பிக்கை இல்லேன்னா வேற கடையில காட்டுங்க."

அவ்வளவுதான். என்ன ராங்கி இவனுக்கு என்று கறுவிக்கொண்டே வீடு வந்தாள்.

மறுநாள் கோயிலுக்குப் போய்வந்து சைக்கிளைக் கழுவும்போது கை சட்டென்று நின்றது. ஃபோர்க்கின் உள்பக்கம் ஒரு நீளக் கீறல். கீரிப்பாறை இறக்கத்தில் விழுந்தபோது அவளே போட்ட கீறல். ஐயோ... இது அதே ஃபோர்க்தான். அப்படியானால் ஏன் இடித்தது?

குறைத்துச் சொன்ன ஆறு கிலோ! அதற்கேற்பக் காற்றும் குறைந்திருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது.

திங்கட்கிழமை ஸ்கூல் விட்டதும் போய் நின்றாள். கடையில் வேறு யாருமில்லை. தூறல் மட்டும் இருந்தது. ஸ்பானர் வரிசைக்கு நடுவே ஒரு நெயில் பாலிஷ் பாட்டில், அவளுடைய சிவப்பேதான்.

"இது?"

"ஆயில் அழுக்கு போக தின்னர் போட்டு தொடச்சேன். அப்ப ஒங்க புள்ளியும் போச்சு. திரும்ப வைக்கலாம்னுதான் வாங்குனேன்..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் வச்சா அது கள்ள அடையாளம்லா? அதான் வைக்கல்ல."

அவள் சைக்கிளை அவன் முன்னால் தள்ளி நிறுத்தினாள். "நான் எடையை..."

"சொல்லாண்டாம். ஏறி இருங்க."

ஏறினாள். கீழே விழாமல் அவன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஃபோர்க் காலில் மாட்டியிருந்த ரப்பர் வளையம், அது எவ்வளவு அமுங்கியது என்று உள்ளதை உள்ளபடி காட்டிக்கொடுத்தது. அவன் சிரிக்காமல் பம்பை எடுத்துக் காற்றடித்தான்.

"அன்னைக்கே தெரியுமா?"

"நீங்க இடிக்குன்னு வந்தப்பமே தெரியும். அத்தனை ஆளுக முன்னால ஒங்க எடையை எப்பிடிச் சொல்லுவேன்?"

அதற்காகவா... அதற்காகவா திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றான்? இத்தனை நாள் அவள் கட்டி வைத்திருந்த சந்தேகமெல்லாம் அந்தத் தூறலில் கரைந்தே போனது.

"கையைக் காட்டுங்க" என்றாள். கிரீஸ் படிந்த அவன் கட்டைவிரலைப் பிடித்து, நகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

"இது எதுக்கு?"

"எனக்க சாமான்ல அடையாளம் வைக்காம நான் எங்கயும் விட்டுட்டுப் போறதில்ல."

ஸ்டெனி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தின்னர் டப்பாவைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளினான்.

"இனி கையுறை போட்டுத்தான் வேலை."